மச்சானின் பச்சை கேப்சூல்

யாராவது ஒரு விஷயத்தைத் தவறாகச் சொன்னால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாண வீடோ சாவு வீடோ, திருத்திவிட்டுத்தான் உட்காருவேன். என் மனைவி இதை வியாதி என்பாள். நான் நேர்மை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

முப்பத்தொரு வருடம் கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் வேலை பார்த்தேன். அந்த வேலையில் ஒரு விதி உண்டு. சோதனை முடியும்வரை முள் எங்கே நிற்கிறது என்று கடைக்காரரிடம் சொல்லக்கூடாது. சொன்னால் தட்டின் ஓரத்தில் ஒரு விரல் வந்து உட்கார்ந்துவிடும். ஓய்வு பெற்ற அன்று எடைக்கற்களையெல்லாம் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். இந்த விதி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், எங்கள் மாடியில் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரையைக் காலையில் போடுவார். கூடவே தெருமுனை மூலிகைக் கடையில் வாங்கிய பச்சை கேப்சூல் ஒன்று. ரத்தம் சுத்தமாகும், மூட்டு வலி பறந்துவிடும், ஞாபக சக்தி பெருகும், முடி கொட்டாது என்று டப்பாவில் போட்டிருந்தது. கடைசியாகச் சொன்னது மச்சான் விஷயத்தில் உண்மைதான். கொட்டுவதற்கு அவர் தலையில் ஒன்றும் இல்லை.

"இதை யாரு மச்சான் சோதிச்சுப் பார்த்தாங்க? எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தாங்க?" என்று கேட்பேன்.

"நான்தான் சாப்பிடறேனே மாப்பிள்ளை. என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

"அண்ணன் நல்லா இருந்தா உங்களுக்கு ஏன் எரியுது?" என்பாள் மனைவி.

எரியத்தான் செய்தது. நான் ஆதாரம் ஆதாரமாக எடுத்து வைப்பேன். அவர் 'என் உடம்பு' என்று ஒரு வார்த்தை சொல்வார். வீட்டில் அதற்குத்தான் மதிப்பு.

ஆகவே டப்பா வாங்கிவரும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். திருந்திவிட்டேன் என்று மனைவி பூரித்துப்போனாள். கீழே என் அறையில் உட்கார்ந்து அறுபது கேப்சூலையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருந்த தூளைக் கொட்டிவிட்டு, கோதுமை மாவை அடைத்தேன். பிறகு வாங்கிய டப்பாக்களுக்கும் அதே வேலைதான். சொல்வதற்குச் சுலபம். முதல் டப்பாவில் இருபதை முடித்தபோது எனக்கே தும்மல் வந்து பாதி மேஜை பறந்தது. மூக்கெல்லாம் மாவோடு ஒரு மேதாவி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க நல்லவேளையாக யாரும் இல்லை.

ஆறு மாதம் கழித்துக் குடும்பத்தார் எல்லோரையும் கூட்டி உண்மையை உடைப்பது என்று திட்டம். அதற்கான பேச்சைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கூடப் பார்த்தேன்.

மூன்றாவது மாதம் மச்சான் படியிறங்கி வந்து, "நீங்க வாங்கிட்டு வர்ற டப்பா பிரமாதம் மாப்பிள்ளை. முட்டி வலி போன இடம் தெரியல" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்காமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றே சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார். நல்ல மனிதர். ஆனால் மூன்று மாதத்தில் முடித்தால் அது என்ன சோதனை?

நான்காவது மாதம், பச்சை கேப்சூலே போதும் என்று அவர் வெள்ளை மாத்திரையை நிறுத்தினார். நியாயமாகச் சொல்ல வேண்டும், "டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்க" என்றேன். கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

"டாக்டர் எதுக்கு? வாராவாரம் நீங்க பிரஷர் பார்க்கறீங்களே. ஏறினா சொல்லுங்க, மறுபடி போட்டுக்கறேன். உங்க கண்ணுக்கு ஒரு எண்ணு தப்புமா?" என்றார்.

அவருக்குப் பார்வை மங்கல். கருவியில் தெரியும் எண்ணை நான்தான் படித்துச் சொல்வேன். மாத்திரையை நிறுத்திய முதல் வாரம் நூற்றறுபத்திரண்டு. நூற்றுமுப்பது என்றேன். அடுத்த வாரம் நூற்றெழுபத்தொன்று. நூற்றிருபத்தெட்டு என்றேன். உண்மையைச் சொன்னால் மாத்திரைக்குத் திரும்பிவிடுவார், சோதனை பாதியில் நின்றுவிடும். நோட்டில் மட்டும் நான் பொய் எழுதவில்லை. கருவி காட்டியது ஒரு பக்கம், நான் அவரிடம் சொன்னது எதிர்ப்பக்கம். எட்டாவது வாரம் நூற்றுத்தொண்ணூறு. நூற்றிருபத்தாறு என்று நான் சொன்னதும், "ஓட்டுநர் வேலைக்கு மறுபடி எடுத்துக்குவாங்க போலிருக்கே" என்று என் முதுகில் தட்டினார். நானும் சிரித்தேன்.

பத்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, படியில் சாய்ந்து கிடந்தார். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மூன்று நாள் இருந்தார்.

மனைவி என் தோளில் விழுந்து அழுதாள். "நீங்க தலைபாடா அடிச்சுக்கிட்டீங்களே, எங்கண்ணன் கேட்டாரா?" நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் சொன்னது சரி என்று அவள் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்க இதமாக இருந்தது.

பிறகு அவள் மூலிகைக் கடைக்காரர்மேல் புகார் கொடுத்தாள். மிச்சமிருந்த கேப்சூல்களை நீங்கள் சோதனைக்கு அனுப்பினீர்கள். கோதுமை மாவு என்று அறிக்கை வந்தது. பதினொரு நாளாக அந்த மனிதரைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அவருக்காக மனம் இளகி நான் வந்தேன் என்று நீங்கள் நினைத்தால் எனக்குப் பெருமைதான். ஆனால் முதல் பத்து நாளும் நான் பேசாமல் வீட்டில்தான் இருந்தேன்.

இன்று காலை துக்கம் கேட்க வந்தவர்களிடம் மனைவி சொன்னாள்: "படுபாவி, மாவை அடைச்சு வித்திருக்கான். அசல் மூலிகையா இருந்திருந்தா எங்கண்ணன் பொழைச்சிருப்பாரு." கூடம் முழுக்கத் தலையாட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் என்னிடமே வந்து, "அசல் எங்க கிடைக்கும் சார்?" என்று கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டேன்.

கடைக்காரரை விட்டுவிடுங்கள். மாவை அடைத்தது நான். எண்ணை மாற்றிச் சொன்னது நான். மச்சானைக் கொன்றது நான்தான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். அசல் கேப்சூலாக இருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்று மட்டும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். என் மனைவியிடம் இதைப் படித்துக்காட்டும்போது அந்த வரியை முதலில் படியுங்கள்.