எந்தக் கதவு

ஷிப்டு முடிந்து கிளம்பிய மந்தாரக்குப்பம் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்த கோர்ட் அமீனா, கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் கெஞ்சாத குறையாகப் பேசிக்கொண்டு வந்தார்.

“நாளைக்கு ஆர்டரோட காலி பண்ண வர்றேம்மா. வூட்டப் பூட்டிக்கினு போயிடாதீங்க. பூட்டை ஒடைக்க எனக்கு பவர் இல்ல, தனி ஆர்டர் வாங்கணும்.”

“எடத்துக்காரரு கேஸ் போட்டதே எனக்குத் தெரியாதுங்களே.”

“ஆளில்லன்னு சம்மன கதவுல ஒட்டிட்டு வந்தேனே. ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்து போட்டிருக்காங்க. நீங்க வரல, தீர்ப்பாயிடுச்சு.”

“எந்தக் கதவுலங்க?”

“உங்க வூட்டுக் கதவுலதாம்மா.”

“என் வூட்டுக்குக் கதவே கெடையாதுங்க. கட்டுன நாள்லேர்ந்து பழைய பொடவதான் தொங்குது. நீங்க தாராளமா வாங்க.”