நாற்பத்தோராம் வரி

ஒரே கட்டளையை ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் தட்ட வேண்டி வந்தால் அதற்கு ஒரு சின்னப் பெயர் வைத்துவிடுவது என் பழக்கம். மவுஸைத் தொடாமல் கறுப்புத் திரையில் எழுத்துகளைத் தட்டியே வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது உண்டு. அந்தச் சின்னப் பெயர்களையும், திரையின் நிறத்தையும், காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் என்ன வர வேண்டும் என்பதையும் சில கோப்புகளில் எழுதி வைப்போம். கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும். அப்படித் தொடங்கினால் சாதாரணப் பட்டியலில் தெரியாது, கேட்டால்தான் காட்டும். உங்கள் ஏட்டய்யா அதை ‘ஒளித்து வைத்த கோப்பு’ என்று எழுதியிருக்கிறார். நான் ஒளித்து வைக்கவில்லை. அதன் வழக்கமே அப்படி. அதைத் திருத்திவிடுங்கள்.

என் பெயர் காளிராஜ். முதுகுளத்தூர்ப் பக்கம் ஊர். அய்யா தங்கசாமி கருவேல மரம் வெட்டி மூட்டம் போடுகிறவர். மூட்டம் எரிந்து ஆறியதும் கரியை வாரி மூட்டை கட்டுவது அம்மாவும் நானும். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறவரை என் நகக்கண்ணில் கரி போனதில்லை. மரம் நின்ற நிலம் நாகநாதன் வீட்டுடையது. அவர் மகன் முத்துகிருஷ்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மூன்று பேர் சாவுக்குக் காரணம் என்று நாற்பது நாளாக நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்களே, அவர்தான். அந்த மூன்று பேரைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். மனசாட்சி உறுத்தியதால் வந்தேன் என்று எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் அலுவலகம் ராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. மூன்று கம்ப்யூட்டர், ஒரு தொலைபேசி, ஆட்கள் மூன்று பேர். காற்று வருகிறது என்று அறிவிப்பு வந்தால் கடலில் இருக்கிற வத்தைக்காரர்களின் செல்லுக்குத் தகவல் போக வேண்டும். வத்தை என்றால் கரைக்குப் பக்கத்தில் தொழில் செய்கிற நாட்டுப்படகு. அதோடு தேவிபட்டினம், காரங்காடு, மண்டபம் மூன்று இடத்திலும் கரையில் சங்கு, அதாவது சைரன், ஊத வேண்டும். இவ்வளவுக்கும் இரண்டு வரி நீளத்துக்குக் கட்டளை தட்ட வேண்டும். அவசரத்தில் ஒரு எழுத்துப் பிசகினால் ஒன்றும் நடக்காது. நான் அதற்கு ‘சங்கு’ என்று பெயர் வைத்தேன். அந்த ஒரு சொல்லைத் தட்டினால் போதும். என் கோப்பில் நாற்பத்தோராம் வரி அது.

அந்தக் கோப்பை ஐந்து வருஷம் எழுதினேன். கட்டளை சரியாக ஓடினால் திரையோரம் பச்சை, தவறினால் சிவப்பு. எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் என் கைக்குப் பழகினபடி இருக்க வேண்டும் என்று கோப்புகளையெல்லாம் அலுவலக சர்வரில் ஒரே இடத்தில் வைத்தேன். யாரும் படிக்கலாம், நான் மட்டும்தான் மாற்றலாம்.

முத்துகிருஷ்ணன் போன வருஷம் எனக்கு மேலாளராக வந்தார். முதல் நாளே, “ஏலே காளி, நீயும் இங்கனதான் இருக்கியா? ஒங்கய்யா இன்னும் மூட்டம் போடுறாராலே?” என்று ஜெயசுதா முன்னால் கேட்டார். ஜெயசுதா தொலைபேசி பார்க்கிற பெண். நான், “போடுறாருண்ணே” என்றேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. போடுகிறார்தான்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை. அவர் தன் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையில் ‘அம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்கணும்’ என்று வந்தது. அது என் அம்மா இருளம்மாளுக்காக நான் எழுதி வைத்த வரி. என் கோப்பை ஒரு எழுத்துப் படிக்காமல் அப்படியே எடுத்திருக்கிறார். எடுத்ததோடு இல்லை, தினமும் காலையில் என்னுடையதில் என்ன மாறியிருக்கிறதோ அதுவும் தன் கம்ப்யூட்டருக்குத் தானாக வந்துவிடும்படி செய்திருக்கிறார்.

ஜெயசுதா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏண்ணே, ஒங்கம்மாவுக்குச் சுகரா? சொல்லவே இல்ல” என்றாள்.

“ஆமா. ரெண்டு வருசமா” என்றார் அவர்.

அவர் அம்மா முருகலட்சுமியை நான் அறிவேன். அறுபத்தைந்து வயதில் வெல்லப் பணியாரம் பத்துத் தின்கிற மனுஷி. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளும் அந்த வரி வந்தது. அதை எடுத்துவிடக்கூட அவருக்குத் தெரியவில்லை.

பிறகு தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்தபோது என் கோப்பைப் பெரிய திரையில் போட்டு, தான் இரவு பகலாக உட்கார்ந்து செய்ததாக விளக்கினார். கரையில் சொல்லி வைத்துவிட்டு ‘சங்கு’ தட்டிக் காட்டினார். கை தட்டினார்கள். அவருக்கு ஒரு கேடயமும் சென்னைக்கு மாற்றலோடு பதவி உயர்வும் அறிவித்தார்கள். நான் டீ வாங்கப் போயிருந்தேன். டம்ளர்களோடு வாசலில் நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் நாற்பத்தோராம் வரியை மாற்றினேன். இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய கம்ப்யூட்டரை நான் தொடவில்லை. என் கோப்பில், என் வரியை மாற்றினேன். அடுத்தவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பை ஓட்டையாக இருக்கிறது என்று சொன்னால் நான் என்ன செய்ய முடியும்.

மாற்றியது சின்ன விஷயம். எங்களிடம் ஒத்திகை என்று ஒன்று உண்டு. அதில் எல்லாம் ஓடும், ஆனால் எந்தச் செல்லுக்கும் போகாது, சங்கும் ஊதாது. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் ‘சங்கு’ தட்டினால் மட்டும் ஒத்திகையாக ஓடட்டும் என்று எழுதினேன். மூன்றாம் நம்பர் அவருடையது. மாதம் ஒரு தடவை நிஜமாகவே ஊதிப் பார்க்கும் சோதனைக்கு அதிகாரிகள் கரையில் நிற்பார்கள். அவர் தட்டுவார், சங்கு ஊதாது, ஏன் என்று கேட்பார்கள், அவருக்குச் சொல்லத் தெரியாது. அவ்வளவுதான் என் எண்ணம்.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். ஒத்திகையாக ஓடினால் திரையில் கடைசியில் ‘ஒத்திகை’ என்று ஒரு சொல் வரும். அதைப் பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும். ஆகையால் அந்தச் சொல் வராமல் அழித்துவிடும்படியும் அதே வரியில் சேர்த்தேன். திரையோரம் பச்சையாகவே நிற்கும்படியும் பார்த்துக்கொண்டேன். ஒரு வேலையை எடுத்தால் முழுசாகச் செய்ய வேண்டும்.

அந்த மாதம் அதிகாரிகள் வரவில்லை, சோதனை தள்ளிப்போனது. வரி அப்படியே இருந்தது. எத்தனை நாள் என்று கேட்டீர்கள். பத்தொன்பது நாள்.

ஐப்பசி முதல் வாரம், திங்கட்கிழமை. பகல் பதினொன்று பத்துக்கு அறிவிப்பு வந்தது, ஒரு மணி நேரத்தில் சூறைக்காற்று என்று. முத்துகிருஷ்ணன் ‘சங்கு’ தட்டினார். பச்சை வந்தது. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு எண்களுக்குப் போய்விட்டது, மூன்று இடத்தில் சங்கு ஊதிவிட்டது என்று திரை சொன்னது. கடல் அங்கிருந்து பத்து மைலுக்கு மேல். ஊதினாலும் எங்களுக்குக் கேட்காது.

வழக்கமாக அறிவிப்புப் போன நிமிஷத்திலிருந்து தொலைபேசி அலறும். “என்னத்தா, நெசக் காத்தா, சோதனையா?” என்று இருபது பேராவது கேட்பார்கள். ஜெயசுதா திட்டிக்கொண்டே பதில் சொல்லுவாள். அன்றைக்கு ஒரு மணியும் அடிக்கவில்லை.

“என்னண்ணே, இன்னைக்கு ஒருத்தரும் கூப்பிடலையே” என்றாள்.

முத்துகிருஷ்ணன் செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னது நான். “எல்லாரும் கரையேறிருப்பாங்க” என்றேன்.

என் கம்ப்யூட்டர் ஒன்றாம் நம்பர். அதில் அந்த ஒரு சொல்லைத் தட்டியிருந்தால் எல்லாச் செல்லுக்கும் போயிருக்கும், மூன்று சங்கும் ஊதியிருக்கும். தட்ட மூன்று விநாடி ஆகும். ஆனால் மேலாளர் அனுப்பியாயிற்று. அவர் செய்த வேலையை நான் மறுபடி செய்தால் அவரை அவமதித்ததாக ஆகாதா. நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டேன். பன்னிரண்டு அடிக்கும்போது ஜன்னல் கதவு படாரென்று அறைந்தது. எழுந்து போய்க் கொக்கி மாட்டினேன்.

மற்ற வத்தைகள் வானத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டன. தேவிபட்டினத்து வத்தை ஒன்று, அந்த மூன்று பேர் போனது, நண்டுவலை எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வத்தையில் இருந்த மதார் உங்களிடம் கொடுத்த சாட்சியத்தைப் பத்திரிகையில் படித்தேன். “ஏலே பாக்கரு, மேகம் கட்டுது, வாங்கடா போயிருவோம்” என்று இவர் கத்தியிருக்கிறார். அதற்கு அந்த ஆள், “சங்கு ஊதலையே மாமா. இன்னும் ரெண்டு வலைதான், எடுத்துட்டு வாரோம்” என்றாராம். முன்பெல்லாம் மேகத்தை நம்பினார்கள். ஐந்து வருஷமாகச் சங்கை நம்புகிறார்கள். அந்த அளவுக்கு அது பிசகாமல் ஓடியிருக்கிறது. அதை எழுதியவன் நான்.

அன்று மாலையே என் கோப்பில் அந்த வரியைப் பழையபடி ஆக்கிவிட்டேன். அவர் கம்ப்யூட்டரை அதற்குள் நீங்கள் எடுத்துப் போய்விட்டதால் மாற்றிய வரி அதில் மட்டும் நின்றது. நான் எதையும் பேசவில்லை. நீங்களும் என்னை அரை மணி நேரம் விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டீர்கள்.

அவர் உண்மையைச் சொல்லுவார் என்றுதான் காத்திருந்தேன். ‘அது காளிராஜ் எழுதியது, நான் காப்பியடித்தேன்’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் அவர் வெளியே வந்துவிடலாம். அவரோ, ஒத்திகைக்காகத் தானே எழுதிய வரி, எடுக்க மறந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கவனக்குறைவு என்று பத்திரிகையில் வந்தது. பெயரும் படமும் வந்தது. இவ்வளவு நுட்பமான அமைப்பை உருவாக்கிய இளைஞர் என்றும் ஒரு வரி போட்டிருந்தார்கள்.

போன வியாழக்கிழமை சிறைக்குப் போய் மனுப் போட்டு அவரைப் பார்த்தேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தாடியோடு நின்றார். நான் குரலைத் தாழ்த்தி, “அண்ணே, அந்த வரிய எழுதினது நான்” என்றேன்.

தாடியைச் சொறிந்துகொண்டார். பிறகு சிரித்தார்.

“என்னலே, எங்கய்யா அனுப்பிச்சாரா? எனக்காகப் பழிய நீ ஏத்துக்கப் போறியாக்கும்?”

“இல்லண்ணே. நெசமாத்தான். மூணாம் நம்பர்ல மட்டும் ஒத்திகையா ஓடுற மாதிரி எழுதி, அந்தச் சொல்ல மறைச்சதும் நான்தான்.”

“போலே. அத நானே வக்கீலு சொல்லித்தான் புரிஞ்சுக்கிட்டேன். கரி அள்ளுன பயலுக்கு அந்த மூள ஏது?” என்றார். காவலர் நேரமாயிற்று என்றதும், “அம்மாவப் பாத்தா சௌக்கியமா இருக்கேன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு யோசித்தேன். இன்று வந்துவிட்டேன்.

இந்தப் பென்டிரைவில் ஐந்து வருஷத்துப் பிரதிகளும் தேதியோடு இருக்கின்றன. நான் எழுதியது எதையும் அழிக்கிறவன் இல்லை. அந்த வரியை மூன்று நாள் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஏழு மாதிரி எழுதி, ஒன்றாம் நம்பரையே மூன்றாம் நம்பர் என்று காட்டி ஓட்டிப் பார்த்து, ஏழாவதை வைத்துக்கொண்டேன். நிபுணர் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். அவருக்குப் புரியும்.

இறந்தவர்களின் பெயரைச் சொல்லச் சொல்கிறீர்கள். பாக்கர். தர்மராஜ். மூன்றாவது ஆள் பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது, கோப்பில் இருக்கும், பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, என் கோப்பில் இல்லை, உங்கள் ஃபைலில். என்னமோ சொல்ல வந்தேன். ஆமாம், நாற்பத்தோராம் வரி. ஏட்டய்யாவைப் பேனா எடுக்கச் சொல்லுங்கள். ஒரு புள்ளி விடாமல் சொல்கிறேன்.