மூடியின் மேல் பரங்கிக்காய்

பரங்கிக்காய் மூன்றா நான்கா என்பது எனக்கு இப்போது நிச்சயமாக நினைவில்லை. அக்டோபர் கடைசியில் எங்கள் தெருவில் பரங்கிக்காய் இல்லாத வாசலே கிடையாது. அதனால் எத்தனை என்று என்னை யாரும் கேட்கவும் இல்லை. மற்றவற்றைச் சரியாகவே சொல்லிவிட முடியும் என்று நினைக்கிறேன்.

1986. அமெரிக்காவில், பேர்லேண்டில் அந்த வீட்டை வாங்கியது நான். தபால்பெட்டியில் மகாதேவன் என்று எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. என் தம்பி பிச்சுமணியை நான்தான் ஸ்பான்சர் செய்து வரவழைத்தேன். மூன்று வருடமாக எங்கள் மாடி அறையில் இருந்தான். வீடியோ கடையில் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவன் பீட்.

குழந்தைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் வந்தால் வீடு அவன் கைக்குப் போய்விடும். ஜன்னலெல்லாம் பஞ்சு நூலாம்படை. புல்தரையில் அட்டைக் கல்லறைகள். நடுவில் ப்ளைவுட்டில் அவனே அடித்த சவப்பெட்டி. அதற்குள் படுத்திருப்பான், குழந்தைகள் கிட்டே வந்ததும் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுவான். அதற்காகவே மூன்று தெரு தள்ளியிருந்துகூட வருவார்கள். இதுதான் பீட் வீடு என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். நான் மிட்டாய்க் கிண்ணத்தோடு கதவருகே நிற்பேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெமிக்கல் ஆலையில் டாங்கிக்குள் ஆள் இறங்குவதற்கு முன், உள்ளே காற்று சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவேன். பதினோரு வருடத்தில் என் கையெழுத்தின் கீழ் ஒருவரும் சாகவில்லை.

அந்த வருட ஹாலோவீன் அன்று வேலையிலிருந்து திரும்பியபோது வாசல் மரத்தில் ஒரு வைக்கோல் பொம்மை தொங்கியது. தலையில் என் ஆலைத் தொப்பி. மூக்கில் என் பழைய கண்ணாடி. உடம்பில் என் சாம்பல் நிறச் சட்டை. வாயை என் மகள் மீனு தைத்திருந்தாள், இரண்டு ஓரமும் கீழே இறங்கும்படி. அவளுக்கு ஒன்பது வயது.

"திருஷ்டி பொம்மைண்ணா. ஊர்ல வீடு கட்டறச்சே தொங்க விடுவாளே, அது. உன் மூஞ்சி இருந்தா எந்தக் கண்ணும் கிட்ட அண்டாது" என்றான் பிச்சுமணி.

என் மனைவி ஷ்யாமளா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏன்னா, அசல் நீங்களேதான். அந்த உதட்டப் பாருங்கோ."

"டாட், டோன்ட் பி மேட்" என்றாள் மீனு.

எனக்கு ஒன்றும் இல்லையே என்றேன். உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். அவர்கள் எடுத்தது பழைய சட்டை அல்ல. ஷ்யாமளா அப்படிச் சிரித்து நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டு, காலியாக இருந்த ஹாங்கரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

ஒரு வாரமாக அவன் நச்சரித்துக்கொண்டிருந்தான். "ஆலையிலேர்ந்து கொஞ்சம் ட்ரை ஐஸ் கொண்டு வாயேன். மூடி தெறக்கறச்சே பொகை குபுகுபுன்னு வரணும்." அன்று கொண்டுவந்திருந்தேன். வெளியே ஒரு பக்கெட்டில் வைப்பதாகத்தான் இருந்தேன். அவன் பெட்டிக்குள் படுத்த பிறகு அவன் காலடியில் வைத்தேன். அதிலிருந்து வருவது கரியமில வாயு, காற்றைவிடக் கனம். பள்ளத்தில் தங்கும். ரொம்ப நேரம் உள்ளே இருக்காதே என்பது என் வேலையில் நான் சொல்லும் முதல் வாக்கியம். அதை அவனிடம் சொல்லவில்லை. மூடியின் மேல் பரங்கிக்காய்களை வைத்தேன். பெரிய காய்கள். பார்க்க அழகாகவே இருந்தது.

ஆறரை மணிக்குக் குழந்தைகள் வந்தார்கள். பெட்டிக்குள் தட்டும் சத்தம் கேட்டது. கைதட்டினார்கள். இந்த வருடம் பீட் தன்னையே மிஞ்சிவிட்டான் என்றாள் எதிர்வீட்டுக்காரி. பிறகு குரல் வந்தது.

"அண்ணா, தெறண்ணா. மூச்சு முட்டறதுண்ணா."

அந்தத் தெருவில் தமிழ் தெரிந்தவர்கள் அவனைத் தவிர மூன்று பேர். மறுநாள் தீபாவளி, ஷ்யாமளா உள்ளே தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தாள். மீனு பூனை மீசை வரைந்துகொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

"டாட், சித்தப்பா சேஸ் ஹி கான்ட் ப்ரீத்."

"நடிக்கறான்மா. அவனுக்கு அதெல்லாம் நன்னா வரும்."

நம்பினாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மிட்டாய் கொடுக்கப் போனாள்.

சத்தம் நின்று கால் மணி நேரம் பொறுத்தேன். பிறகு காய்களை ஒவ்வொன்றாக இறக்கிவைத்து, மூடியைத் திறந்து, உதவிக்குக் கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.

போலீஸ்காரர்கள் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். என்ன வேலை என்று கேட்டார்கள். இன்ஜினியர் என்றேன். துக்கம் என்பதால் அந்த வருடம் முழுவதும் வீட்டில் பண்டிகை இல்லை. தேன்குழலை ஷ்யாமளா குப்பையில் கொட்டினாள். பொம்மையை இறக்கி, சட்டையைத் துவைத்து நானே போட்டுக்கொண்டேன். ஷ்யாமளா அதற்குப் பிறகு என்னோடு பதினெட்டு வருடம் இருந்து, சிரிக்காமலேயே போய்ச் சேர்ந்தாள். மீனு சியாட்டிலில் இருக்கிறாள். தமிழ் மறந்துவிட்டது என்கிறாள். போனில் நான் தமிழில் ஆரம்பித்தால் வைத்துவிடுகிறாள். அந்த வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். இப்போது அதைப் பீட் வீடு என்று யாரும் சொல்வதில்லை.

பரங்கிக்காய் நான்கு. மூன்றை அழகுக்காக வைத்தேன். நான்காவதை வைத்தது, மூடி ஒரு விரற்கடை எழும்பியதைப் பார்த்த பிறகு. குழந்தைகள் அதற்கும் கைதட்டினார்கள்.