நற்கருணைக்குப் பிறகு ஒரு காப்பி

டாக்டர், நற்கருணை வாங்கும்வரை என் மம்மி பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிட மாட்டார். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை காப்பிதான். பிரேசர் டவுனில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். நீங்கள் உட்கார்ந்திருங்கள். என்னால் உட்கார முடியவில்லை, நடந்துகொண்டே சொல்கிறேன்.

மூளையில் ஒரு ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது, எழுபத்தெட்டு வயதில் ஆபரேஷனும் ஆபத்து, அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்து என்று சொன்னீர்கள். முடிவை மம்மியிடமே விட்டீர்கள். மம்மி யோசிக்கவே இல்லை.

"பண்ணிடுங்க டாக்டர். தேறினதும் மெல்போர்ன்ல என் பையன் ஷெர்வின்கிட்டவே போய் இருந்துடணும்" என்றார்.

பக்கத்திலேயே நான் நின்றிருந்தேன். மம்மிக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள்.

ஆபரேஷன் அன்று காலை ஃபாதர் வார்டுக்கே வந்து நற்கருணை கொடுத்தார். அவர் போனதும் நான் பிளாஸ்கைத் திறந்தேன்.

"குடிக்கலாமா ஐரின்? எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்களே."

"அது நற்கருணை வாங்குற வரைக்கும்தான் மம்மி. டாக்டரைக் கேட்டுட்டேன்."

தியேட்டர் வாசலில் விசாரித்தார்கள். மம்மிக்குப் பொய் வராது. பால் காப்பி என்றதும் மயக்க மருந்து டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். ஐரின்தான் குடிக்கச் சொன்னாள் என்றார் மம்மி. நான் தலையில் அடித்துக்கொண்டு, "நான் எப்போ மம்மி சொன்னேன்?" என்றேன். வயதானவர் கோயில் உபவாசத்தையும் ஆஸ்பத்திரி உபவாசத்தையும் குழப்பிக்கொண்டார் என்று எல்லோரும் சிரித்தீர்கள். தன் தலையில்தான் கோளாறு என்று மம்மியும் நம்பிவிட்டார்.

அடுத்த தேதிக்குப் போன் வந்தபோது, மம்மி மனம் மாறிவிட்டார் என்றேன். மம்மியிடம் நீங்கள் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னேன். எனக்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் அவகாசம். ஆனால் மம்மி அதற்குள் மெல்போர்ன் போகப் பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டார்.

பெட்டிமேல் குனிந்தவர், "தலை வெடிக்குது ஐரின்" என்று கட்டிலில் சாய்ந்து வாந்தி எடுத்தார். அப்படி வலித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருந்தது. வாயைத் துடைத்துவிட்டேன். பெட்டியிலிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து பீரோவில் வைத்தேன். ஸ்வெட்டர்களையும் வைத்தேன். பீரோவைப் பூட்டிய பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

உயிர் பிழைத்துவிட்டார். பேச்சு போய்விட்டது. ஷெர்வின் வந்து, மம்மியை ஏதாவது ஹோமில் சேர்த்துவிடலாம் என்கிறான். சம்மதிக்காதீர்கள் டாக்டர். என்னைப்போல மம்மியை யாரும் பார்த்துக்கொள்ள முடியாது.

நான் பக்கத்தில் போனால் மட்டும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறார். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, பாவம். கட்டிலை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.