முனியாண்டி வேண்டாமென்ற கோழி

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவர். இளையவளின் மடிக் கூடையில், கழுத்தெல்லாம் மஞ்சளாக ஒரு வெள்ளைக் கோழி.

“முனியாண்டியே வேணாம்னு திருப்பிக் குடுத்த கோழி இது, அக்கா.”

“என்னாடி சொல்ற?”

“பருந்து கண்ணுல படக்கூடாதுன்னு அடுப்புக்கரியைப் பூசி விட்டிருந்தேன். நான் கொழுந்தெடுக்க மலைக்குப் போன நேரம், கோயில் ஆளுங்க கருங்கோழின்னு பலிக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. முட்டை போடுறது இது ஒன்னுதான்க்கா. அழுதுகிட்டே ஓடுனேன்.”

“அப்புறம்?”

“வெட்டுறதுக்கு முந்தி மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க. கரியெல்லாம் ஒழுகிருச்சு. ‘சாமிக்கு வெள்ளை ஆகாது, தூக்கிட்டுப் போ’ன்னுட்டாரு பூசாரி.”

மூத்தவள் சிரித்தாள். “இனிமே கரி பூசுவியா?”

“ஐயோ, வேணாம்! தங்கச்சி வீட்டுல நல்ல கூண்டு இருக்கு. இதை அங்க விட்டுட்டு, அவகிட்ட இருக்கிற சாம்பல் கோழியை வாங்கியாரப் போறேன். பருந்துக்கும் தெரியாது, சாமியும் கேக்காது.”