பந்தைப் பார்த்து அழுத தாய்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, நான் வாய் திறக்குமுன்பே எச்சரிக்கை விடுத்திருக்கும் தலைவர் அவர்களே! தொலைக்காட்சித் தொழிலாளர் சங்கத்தின் தூண்களாய், துணையாய், துவளாத தோள்களாய் நிற்கும் மூத்தோரே! முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சுவரில் சாய்ந்திருக்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

"விண்வெளித் தொடர்களில் நெஞ்சை உருக்கிய நடிப்பு." இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. நான் நடிகனா? இல்லை. இயக்குநரா? இல்லை. எழுத்தாளனா? என் கையெழுத்தை எனக்கே படிக்கத் தெரியாது! பிறகு யார் நான்? பச்சைத் துணிக்கு முன்னால், குச்சி நுனியில் ஒரு பந்தைச் செருகிப் பிடித்து நிற்பவன். பந்துக்காரர் என்று கேட்டால் படப்பிடிப்புத் தளத்தின் வாசற் காவலாளிகூட என்னைக் காட்டுவார்.

என்ன தம்பி? பந்து என்ன நிறமா? ஆரஞ்சு நிறம். நல்ல கேள்வி, உட்காருங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு விண்வெளித் தொடரின் கதையிலே வேற்றுக்கிரகத்துக் குழந்தை ஒன்று வருகிறது. அந்தக் குழந்தையைக் கணினிக்காரர்கள் பிறகுதான் வரைவார்கள். அதுவரை நடிகை எதைக் கொஞ்சுவார், எதைப் பார்த்துக் கலங்குவார்? என் பந்தைத்தான்! பந்துதான் பிள்ளையின் முகம். அதற்கு இரண்டே சட்டம். அட்டவணையில் எழுதிய உயரத்தில் நிற்க வேண்டும், இம்மியும் ஆடக்கூடாது.

அந்தத் தொடரிலே ஒரு பெண் கப்பல்தலைவி. அந்தக் குழந்தையை எடுத்து வளர்த்த தாய். வானவெளியில் பறந்து திரும்புகிறாள். கப்பலில் அவளுக்குக் கழிந்தது ஓராண்டு. தரையில் குழந்தைக்குக் கழிந்ததோ ஏழாண்டு! வேகமாய்ப் போனால் காலம் அப்படிக் குளறுமாம். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். கதவு திறக்கிறது, எதிரே பிள்ளை. "தாய் அழுகிறாள்" என்று தாளிலே இரண்டே சொல். எழுதியவருக்கு என்ன, எழுதிவிட்டார்!

அழுகை வரவில்லை. பதினோரு முறை எடுத்தார்கள், பதினோரு முறையும் வரவில்லை. பத்தாண்டுகள் பக்கத்து வீட்டுப் பெண்ணாகவே வந்துபோன நடிகை அவர். கிடைக்காமல் கிடைத்த முதல் பெரிய வேடம். இயக்குநர் கதாசிரியரைக் கூப்பிட்டு, எல்லார் காதிலும் விழவே சொன்னார்.

"இந்தப் பொம்பளையால முடியாதுய்யா. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை பாப்பேன். வரலைன்னா கப்பல் வெடிச்சு அந்தத் தாய் செத்துட்டான்னு எழுதிடு."

நடிகை தலை நிமிரவில்லை.

இதிலே என் திருப்பணியைக் கேளுங்கள்! இடைவேளையில் என் குச்சியைக் கீழே கிடத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். கேமரா வண்டி அதன்மேல் ஏறி, குச்சி இரண்டாய்ப் போயிற்று. இயக்குநரோ "எங்கய்யா பந்து?" என்று கத்துகிறார். தரை துடைக்கும் அக்காவிடம் மாப்புக் கம்பை வாங்கினேன், பந்தைச் செருகினேன், தரையில் ஊன்றி நின்றேன். பழைய குச்சியைவிட அந்தக் கம்பு ஒன்றரைச் சாண் நீளம். அது எனக்கு உறைக்கவே இல்லை.

கதவு திறந்தது. பழகிய உயரத்தில் பிள்ளையின் முகத்தைத் தேடினார் அந்த அம்மா. அங்கே ஒன்றும் இல்லை. கண் தடுமாறியது. மெல்ல, மெல்ல, மேலே போயிற்று. பந்தைக் கண்டார். சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு பாதியிலே உடைந்தது.

"இவ்வளவு வளந்துட்டியாடா?"

தாளில் இல்லாத வசனம்! ஏழாண்டு என்று எழுதிய கதாசிரியர் நினைத்தாரா பிள்ளை வளர்ந்திருக்கும் என்று? இயக்குநர் நினைத்தாரா? அட்டவணை போட்டவர் நினைத்தாரா? எல்லாரும் கோளைக் கணக்கிட்டோம், கப்பலைக் கணக்கிட்டோம், குழந்தையை மறந்துவிட்டோமே!

அந்தப் பார்வை வந்து விழுந்த இடத்தில் நின்றவன் நான். என்னை அறியாமல் விம்மிவிட்டேன். கம்பு ஆடியது, பந்து குலுங்கியது. அவர் பந்தின் பக்கத்தில் கைவைத்து, "அழாதடா, வந்துட்டேன்ல?" என்றார்.

"கட்!" அடுத்த நொடியே கணினிக்காரர் பாய்ந்து வந்தார். "சார், உயரமும் தப்பு, பந்தும் ஆடுது. இதை வச்சு வரையவே முடியாது. இன்னொரு தடவை எடுங்க."

இன்னொரு தடவையா? அந்த அம்மா முகத்தில் இரத்தமே இல்லை. மறுபடி வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாவி நான் கெடுத்தேனே என்று கூசி நின்றேன். அப்போது அவர் கண்ணைக்கூடத் துடைக்காமல் கணினிக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏங்க, புள்ள அழுதா உடம்பு குலுங்காதா?"

இயக்குநர் அந்தக் காட்சியை மூன்று முறை போட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார், "பழைய அளவ விட்டுட்டு, வளந்த புள்ளையா வரைங்க. குலுங்குறது அப்படியே இருக்கட்டும். அந்தம்மாதான் தொடர் முடியிற வரைக்கும் தாய்."

கைதட்டுங்கள், தட்டுங்கள்! அந்தத் தட்டல் அவருக்கு உரியது.

பிறகு ஒருநாள் கேட்டேன், "யாரை நெனச்சும்மா அழுதீங்க?"

"யாரையும் நெனைக்கலண்ணே. நான் இல்லாமலே வளந்துடுச்சேன்னு இருந்துச்சு."

தாய்மார்களே! அவருக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. இல்லாத கோளில், இல்லாத பிள்ளைக்காக, இரண்டு பேரும் ஏன் அழுதோம்? அன்றிலிருந்து இதைத்தான் யோசிக்கிறேன். கப்பல் பொய்! கோள் பொய்! காலக் கணக்கும் நமக்குப் புரியாத கணக்கு! ஆனால் தாமதமாய் வந்து சேர்ந்தோமே என்ற தவிப்பு, அது பொய்யா? வேலைக்குப் போய்த் திரும்பும் எவருக்கு அது பொய்? நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் வலியைத்தான் விண்வெளித் தொடர் வானளவு பெரிதாக்கிக் காட்டுகிறது. எனக்குத் தோன்றிய விடை இது. இதைவிட நல்ல விடை இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பகுதி ஒளிபரப்பான அன்று, வீட்டில் என் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். திரையிலே பச்சை நிறப் பிள்ளை ஒன்று தோள் குலுங்கத் தேம்புகிறது. என் விம்மல், அசைவுக்கு அசைவு, அப்படியே! அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "எப்படித் தேம்புது பாரு. யாரு பெத்த புள்ளையோ, பாவம்."

நான் சொன்னேன், "நீ பெத்த புள்ளதாம்மா."

திரைக்குப் பின்னால் குச்சி பிடிப்பவனுக்கும் மேடையில் இடம் தந்த சங்கத்துக்கும், செவி தந்த உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.