சூட்டுக்குப் பதநீர்

கூட்டத் தலைவர் தில்லைநாயகம் அண்ணாச்சி அவர்களே, உடன்குடியின் பெரியோர்களே, அடுப்படி வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் என் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தச் சபீதாவின் வணக்கம். கோபமான வணக்கம்!

சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் கூட்டம் என்று அழைத்தீர்கள். மேடையேறியதும் என்ன கொடுத்தீர்கள்? ஒரு செம்பு பதநீர். சிரிக்காதீர்கள். சிரிக்கிற சங்கதியா இது?

முன்வரிசையில் கருப்பட்டி வியாபாரி மணிராஜ் அண்ணாச்சி, இடது காலில் கட்டோடு அமர்ந்திருக்கிறார். பல வருடச் சர்க்கரை. அவர் மனைவி எப்சி சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறேன். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் கூடியிருக்கின்றன என்று மருத்துவர் அன்றே எச்சரித்தார். வெள்ளையணு யார்? உடம்பின் காவல்காரன். சண்டை நடக்கும் இடத்தில்தானே காவல் கூடும்? சர்க்கரை பிடித்த உடம்பில் வலிக்காமல், வெளியே தெரியாமல், ஓயாமல் ஓர் அழற்சி நடக்கும். ரத்தக் குழாயை அரிக்கும், இதயத்தைத் தாக்கும். அணுக்கள் கூடுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். அதை மருத்துவர் சொல்லட்டும். நீங்கள் ஏன் சொன்னீர்கள்?

மருத்துவர் அழற்சி என்றார். ஊர் உடம்புச் சூடு என்றது. சூட்டுக்கு என்ன மருந்து? பதநீர்! பாசம் என்று பருகக் கொடுத்தீர்கள். பதநீர்தானே என்று பருகினார். பாதம் பழுத்துக் கிடக்கிறது. காய்ச்சினால் கருப்பட்டி, காய்ச்சாவிட்டால் மருந்தா? கருப்பட்டி விற்கிற ஊருக்கா இது தெரியாது?

பனையில் வருவது ஒன்றும் செய்யாது என்கிறார் அங்கே ஒருவர். வாருங்கள் ஐயா, அந்தக் கட்டைப் பிரிக்கிறேன், பக்கத்தில் வந்து பாருங்கள். வரமாட்டீர்கள்.

இன்றே ஆஸ்பத்திரியில் சேராவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அண்ணாச்சி, கோயில் அசனம் முடியட்டும் என்கிறார். ஊருக்கே சோறு போடும் அந்த விருந்தில், வருடாவருடம் அண்டாவுக்கு முன்னால் நிற்பவர் அவர். வாசலில் எப்சி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"யக்கா, அசனத்துக்கு ஊரே நிக்கும். எனக்கு இவிய மட்டுந்தானே இருக்காவ."

தலைவர் பொன்னாடையோடு எழுகிறார். வேண்டாம் அண்ணாச்சி, மடித்து வையுங்கள். என் கார் பந்தலுக்குப் பின்னால் நிற்கிறது. மணிராஜ் அண்ணாச்சியைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். பதநீர் கொடுத்த கைகள் முதலில் வரட்டும். அசனத்து அண்டாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவராவது அவரிடம் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டீர்களா? எழுந்துவிட்டாரா? நன்றி. வழிவிடுங்கள், வணக்கம்.